ஒரு அப்பாவு எடை

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட அது நல்லது.

2006ஆம் வருடம் என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. திருவள்ளூரில் என் வீட்டு மேஜைமேல் முனகிக்கொண்டே உழைத்த பெட்டி அது. என் கதைகளை எல்லாம் அப்போது கிடைத்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் அதில் அடித்து வைத்திருந்தேன். புதுப் பெட்டி வாங்கி, கோப்புகளை ஏற்றித் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் கொக்கியும் புள்ளியும் வால் முளைத்த ஆங்கில எழுத்துமாக ஒரே குப்பை. என் கதைகளைப் பற்றி அப்படி ஓரிருவர் முன்பே சொன்னதுண்டு. கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பதறிப்போய் ஆளாளுக்குக் கேட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் முபீனா என்று ஒருவர் இருக்கிறார், பழைய கம்ப்யூட்டருக்கும் புதுக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பஞ்சாயத்து பேசியவர், இப்போது என்ன செய்கிறாரோ தெரியாது, கேட்டுப் பாருங்கள் என்று ஒரு நண்பர் நம்பர் கொடுத்தார். போன் செய்து என் துக்கத்தைச் சொன்னேன்.

“புதுசுல பழசு தொறக்கலன்னா புதுசு மேல கோச்சிக்காதீங்க சார். நடுவுல எவனோ ஒருத்தன் எறங்காம குந்திகினு கீறான்னு அர்த்தம்” என்றார் முபீனா.

யார் குந்தியிருக்கிறார், எதிலிருந்து இறங்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், என் மொபைல் சூடாகும்வரை பேசினார். அவர் சொன்னதுதான் கதை. நான் செய்ததெல்லாம் அதைக் கெடுத்ததுதான்.

அன்றைக்கு அவர் எங்கிருந்து பேசினார், கடையிலிருந்தா பழவேற்காட்டு வீட்டிலிருந்தா என்பதை மட்டும் இப்போது சொல்ல மாட்டேன். ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும்.

2

தொடக்கங்கள்.

“கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் வானம் அன்று இரும்பின் நிறத்தில் இருந்தது. உருக்காலைப் புகைபோக்கிகள்…”

(வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கிறவனுக்குத் தரையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை என்று பொருள். எனக்குத் தெரியும்.)

“முபீனா அழுதுகொண்டிருந்தாள்.”

இது நன்றாக இருப்பதாகத்தான் பட்டது. போனில் படித்துக் காட்டினேன்.

“நா எப்ப சார் அழுதேன்?”

“கதைக்காகம்மா.”

“கதைக்குன்னா நீங்க அழுவுங்க. நா அன்னிக்கு ஸ்க்ரூ டிரைவரத் தேடிகினு இருந்தேன்.”

ஆக இரண்டாவதும் போயிற்று. இனி ஒரு ஏற்பாடு. கதைக்குள் இருக்கும் முபீனாவை ‘அவள்’ என்பேன். போனில் என்னைத் திட்டும் முபீனா ‘அவர்’. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கதைக்குள் இருப்பவள் என் பேச்சைக் கேட்பாள்.

3

மூன்றாவது தொடக்கம், இதை வெட்டப்போவதில்லை.

2003. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண் முபீனா, கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு சின்ன அறையில் கடை போட்டாள். அறை அவள் தாய்மாமன் சிராஜுடையது. இறால் வியாபாரத்தில் கரைகண்டவர் சிராஜ். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதை ஐஸ் போட்டு வைக்கத் தேவையில்லை என்பது மட்டும்.

“நோன்புப் பெருநாள் வரைக்கும் பாரும்மா” என்றார். “அதுக்குள்ள ஒரு கம்பெனி ஆர்டராவது ஒய்ங்கா நிக்கணும். நின்னுச்சுன்னா கடை உன்னுது, நா அந்தப் பக்கமே தல காட்ட மாட்டேன். இல்லன்னா செல்போன்காரன் ஒருத்தன் கேட்டுகினே கீறான், அவனுக்கு உட்டுட்டு ஊட்டுக்கு வந்துடணும். சரியா?”

“சரி மாமா” என்றாள். சரி என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொண்டு அவள் சொன்ன சரி அது. ஆனால் அவளுக்கு அந்தக் கடைமேல் அப்படி ஒரு ஆசை. ஷட்டரைத் தூக்கும்போது வரும் சத்தத்துக்காகவே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவாளாம்.

(இந்த வரி அவர் சொன்னதேதான். நான் போட்ட சரிகை இல்லை.)

இப்போது புரிகிறதா, எங்கிருந்து பேசினார் என்று நான் ஏன் சொல்லவில்லை என்பது?

4

முதல் ஆர்டர் வந்தது. தொழிற்பேட்டைக்கு வெளியே வீரராகவன் என்பவர் எடைமேடை வைத்திருந்தார். லாரியை அப்படியே மேலே ஏற்றி எடை பார்க்கிற மேடை. உருக்காலைகளில் கம்பி ஏற்றிய லாரிகள் அங்கே எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் சென்னைக்குப் போகும். அங்கிருந்த கம்ப்யூட்டர் மிகப் பழைய தலைமுறை. காலையில் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் எழுந்திருக்கும்.

வீரராகவன் சோழவரம் பக்கம் நெல் விளைகிற நிலம் உள்ளவர். மாற்றத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார், ஆனால் பார்ப்பார்.

“புது மிஷின் போடும்மா. ஆனா புரோகிராம் பழசுதான் ஓடணும்” என்றார். “நம்ம கன்னியம்மா வெரலுக்கு அதான் தெரியும். அதுல கைய வெச்சே, அவ்ளோதான்.”

கன்னியம்மா அந்த எடைமேடையை இயக்குகிறவர். கண்ணாடிக் கேபினுக்குள் அவரும் கம்ப்யூட்டரும் ஒரு டீ கிளாசும். வேலை இப்படி நடக்கும். லாரி மேடையில் ஏறியதும் கன்னியம்மா என்டரைத் தட்டுவார். திரையில் ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில், ‘கொஞ்சம் பொறு’ என்று வரும். மேடையின் ஆட்டம் அடங்கட்டும் என்று புரோகிராம் எழுதிய ஆள் வைத்த இடைவெளி அது. அந்த நேரத்தில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வருவார், பானைத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார், கன்னியம்மாவிடம் வம்பு பேசுவார். கன்னியம்மா டீ குடிப்பார். கடைசியில் பிரிண்டர் கீச்சென்று கத்திச் சீட்டைத் தள்ளும். வழக்கமாக வரும் லாரிகளின் வெறும் எடை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தது. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் கம்பியின் எடை.

எடை போடும்போது டிரைவர் இறங்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. காத்திருக்க வேண்டியிருந்தது, அதனால் இறங்கினார்கள்.*

*இந்த வாக்கியத்தை அடிக்கோடிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

5

இங்கே ஒரு கட்டுரை நுழைகிறது. அவசரக்காரர்கள் ஆறாம் பகுதிக்குத் தாவலாம். நான் வருத்தப்பட மாட்டேன், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

புதிய கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் ஓடுவதைப் ‘பின்னோக்கு இணக்கம்’ என்று கலைச்சொல்காரர்கள் சொல்கிறார்கள். முபீனா சொல்வது ‘பழசுக்கு எடம் உட்றது’. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ரயிலில் நகர்ந்து உட்காருவதைப்போல.

வீட்டுக் கம்ப்யூட்டர்களின் முதல் தலைமுறை வந்தபோது ஜனங்கள் அதற்கென்று ஆயிரம் புரோகிராம் எழுதிவிட்டார்கள். அடுத்த தலைமுறை வந்து, அதையெல்லாம் தூக்கிப் போடு என்று சொல்லியிருந்தால் ஒருவரும் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே புதிது பழையதைப்போல நடிக்கக் கற்றுக்கொண்டது. அதற்கடுத்தது அந்த இரண்டையும்போல நடித்தது. 2003இல் வந்த அதிவேகப் பெட்டிகூட, பவர் பட்டனை அமுக்கிய முதல் கணத்தில் தன் குடும்பத்தின் மூத்த சிப்பாகத்தான் கண் விழிக்கும். அந்தப் பழைய ஆளுக்கு எவ்வளவு ஞாபகசக்தி இருந்ததோ அவ்வளவுதான் அதற்கும் அப்போது இருக்கும். பிறகுதான் ‘நான் யார் தெரியுமா’ என்று நிமிர்ந்து உட்காரும். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதர்களில்கூட இப்படிக் கிடையாதே!

இன்னொன்று. இடைக்காலத்துப் பெட்டிகளில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் பறக்கும் என்று நாங்கள் நம்பினோம். உண்மையில் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ள வைத்த பட்டன். பழைய புரோகிராம்கள் புதுப் பெட்டியில் தலைதெறிக்க ஓடிவிடாமலிருக்க, பெட்டியே கொஞ்சம் மெதுவாக நடந்து காட்டும். 2003 வந்தபோது அந்தப் பட்டன் இல்லை. யாருக்கு வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். நம் கதையில் யாருக்கு வேண்டும் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

6

ஆயுதபூஜைக்கு முந்தைய நாள் புது மிஷின் கேபினுக்குள் ஏறியது.

பழைய புரோகிராம் இருந்தது பெரிய சதுர ஃப்ளாப்பியில். புதுப் பெட்டியில் அதற்கு வாய் கிடையாது. முபீனா பழைய பெட்டியிலிருந்து அந்த வாயையே கழற்றிப் புதியதில் மாட்டினாள். மாட்டிக்கொண்டது! கன்னியம்மாவுக்குத் தன் பழைய கீபோர்டுதான் வேண்டும், என்டர் மேலிருந்த எழுத்து தேய்ந்துபோன அதே கீபோர்டு. அதன் முனை குண்டு, புதுப் பெட்டியின் துளை ஒல்லி. முபீனா பர்மா பஜாரில் தேடி ஒரு சின்ன இணைப்பான் வாங்கி வந்து செருகினாள். அதுவும் ஒத்துக்கொண்டது. எடை காட்டும் கருவியின் வயர், கீச்சுக்குரல் பிரிண்டர், எல்லாம் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்தன. கன்னியம்மா பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். பொட்டு வைத்த இடம் சிடி டிரைவ், கதவு இரண்டு நாள் திறக்கவில்லை. அது வேறு கதை.

முதல் லாரி ஏறியது. கன்னியம்மா பழக்கப்படி என்டர் தட்டிவிட்டு டீ கிளாசை எடுத்தார். கிளாஸ் உதட்டுக்குப் போகுமுன் சீட்டு வெளியே வந்து கிடந்தது.

“யம்மாடி!” என்றார் கன்னியம்மா.

அன்றைக்கு எடைமேடையில் திருவிழா. கேட்டுக்கு வெளியே எப்போதும் நிற்கும் லாரி வரிசை மத்தியானத்துக்குள் காணாமல் போயிற்று. டிரைவர்கள் எஞ்சினை அணைக்காமலே ஜன்னல் வழியாகச் சீட்டை வாங்கிக்கொண்டு பறந்தார்கள். வீரராகவன் சாலையில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மற்ற எடைமேடைக்காரர்கள் முபீனாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சிராஜ் மாமா வந்து பார்த்துவிட்டு ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கையால் மைசூர்பாகு வருவதே பெரிய பாராட்டு.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

7

மூன்று வாரத்தில் சென்னையிலிருந்து புகார் வந்தது. கம்பி குறைகிறது. கும்மிடிப்பூண்டிச் சீட்டில் இருக்கும் எடை அங்கே இறக்கும்போது இல்லை. எல்லா லாரியிலும் கொஞ்சம். அப்பாவுவின் லாரியில் மட்டும் நிறைய.

அப்பாவு ஒரு ஆள் இல்லை, ஒன்றரை ஆள். லாரி ஸ்டியரிங் அவர் கையில் தட்டு மாதிரி இருக்கும். வழியில் கம்பியை உருவி விற்கிறார் என்று பேச்சு கிளம்பியது.

வீரராகவன் முபீனாவைக் கூப்பிட்டார். “பெருநாளு வரைக்கும் டைம் தரேன்மா. சரி பண்ணு. இல்லன்னா உன் மிஷின நீ எடுத்துகினு போயிடு. எனக்கு என் தட்டி எழுப்புற பொட்டியே போதும்.”

நோன்பு தொடங்கிவிட்டது. மாமா சொன்ன கெடுவும் அதே பெருநாள்தான். இந்த மிஷின் திரும்பி வந்தால் மற்ற எடைமேடைக்காரர்களும் வர மாட்டார்கள். கடை செல்போன்காரனுக்கு.

முபீனா வயரை மாற்றினாள். கருவியை மாற்றினாள். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். வீரராகவன் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தார். எடை அசையவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. புரோகிராம் எழுதிய ஆள். மணவாளன் என்று பெயர் வைத்தேன். ஒல்லியான உடம்பு, கூச்ச சுபாவம், கன்னியம்மாமேல் சொல்லாத காதல். ‘கொஞ்சம் பொறு’ என்பது அவளுக்காக அவன் விட்டுச் சென்ற… 

“சார்” என்றார் முபீனா போனில், “கன்னியம்மாக்கா வூட்டுக்காரரு அதே ரோட்டுல வெல்டிங் பட்டற வெச்சிகினு கீறாரு. உங்க அட்ரஸ் குடுக்கவா?”

மணவாளனைக் கதையிலிருந்து இறக்கிவிட்டேன். பாவம், வந்த வேகத்தில் போனான். புரோகிராமை யாரோ எழுதினார்கள். யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவ்வளவுதான்.

8

ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்ட நேரம். முபீனா காலையிலிருந்து கேபினில் கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுவின் லாரி மேடையில் ஏறியது. கன்னியம்மா என்டர் தட்டினார். சீட்டு வந்தது. கன்னியம்மா ஜன்னல் வழியாக நீட்டினார்.

அப்பாவு வாங்கவில்லை. வண்டியை அணைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்தி, இறங்கி நேராகக் கேபினுக்கு வந்தார்.

“இன்னாம்மா தங்கச்சி, நீதானே இந்த மிஷின் உட்ட பொண்ணு? என்னெப் பாத்தா கம்பி துன்னு வளந்த ஒடம்பு மாதிரி கீதா? ஊரே திருடன்னு சொல்லுது. எம் பொண்ணு இஸ்கூல்ல கேக்கறாங்க!”

“அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே. அக்கா, இன்னொரு தபா போடுங்க” என்றாள் முபீனா.

கன்னியம்மா என்டர் தட்டினார். எடை குறைந்திருந்தது.

கொஞ்சநஞ்சமல்ல. முபீனா திரையைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள். ஆளில்லாமல் நின்ற லாரியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலில் நிரம்பி நின்றுகொண்டிருந்த அப்பாவுவைப் பார்த்தாள்.

“அண்ணே, வண்டில ஏறி குந்துங்க.”

“இன்னாத்துக்கு?”

“ஏறுங்கண்ணே, சொல்றேன்.”

ஏறினார். என்டர். எடை கூடியது. “எறங்குங்க!” இறங்கினார். குறைந்தது. “ஏறுங்க!” ஏறினார். கூடியது. கன்னியம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்ற லாரி டிரைவர்கள் இறங்கி வந்து கூட்டம் போட்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். அப்பாவுவுக்கு நாலாவது முறைதான் விஷயம் புரிந்தது. படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் வைத்தபடி நின்று, தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப காணாப்போன கம்பி நாந்தானா?” என்றார்.

அந்தச் சிரிப்புச் சத்தம் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்டது என்று முபீனா சொல்கிறார். குறைத்துத்தான் எழுத வேண்டும், ஆனால் மனசு வரவில்லை.

அன்று முதல் அந்த வட்டாரத்தில் எடைக் குறைபாட்டுக்கு ஒரு அளவு வந்துவிட்டது. ‘அரை அப்பாவு’, ‘கால் அப்பாவு’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவுவே சொல்லிச் சிரித்தார், அது திருடன் பட்டத்தைவிட எவ்வளவோ மேல்.

நடந்தது இதுதான். ‘கொஞ்சம் பொறு’ என்ற இடைவெளிக்கு அந்தப் புரோகிராமில் கடிகாரம் எதுவும் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு பெரிய எண்வரை சும்மா எண்ணிக்கொண்டு போவது, அதுதான் காத்திருப்பு. பழைய பெட்டி எண்ணி முடிப்பதற்குள் டிரைவர் இறங்கி வந்து, தண்ணீர் குடித்து, வம்பும் பேசிவிடுவார். புதுப் பெட்டி அதே எண்ணை எண்ணியது, அவர் கதவுப் பிடியில் கை வைக்குமுன். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பழைய புரோகிராம் அப்படியே ஓடியது. அதில் ஆட்கள் இறங்குவதற்குக் கிடைத்த நேரம்தான் ஓடி மறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த வெறும் எடையெல்லாம் டிரைவர் இல்லாத எடை. இப்போது வந்ததெல்லாம் டிரைவரோடு சேர்த்த எடை.

9

‘அப்படியென்றால் டிரைவரை இறங்கச் சொன்னால் போதுமே’ என்று நீங்கள் சொல்கிறீர்கள். வீரராகவனும் அதைத்தான் சொன்னார். ‘ஓட்டுநர் இறங்கவும்’ என்று சிவப்புப் பலகை மாட்டினார். ஒருவரும் இறங்கவில்லை. அவர்கள் இறங்குமுன் சீட்டு வந்துவிடுகிறது, பின்னாலிருந்து ஹாரன் அலறுகிறது. கன்னியம்மா என்டர் தட்டாமல் நிறுத்திவைத்தால், “மிஷின்தான் ஃபாஸ்டா கீதே, நீ இன்னாத்துக்குக்கா தனியா லேட் பண்ற?” என்று சண்டை. கம்ப்யூட்டர் பொறு என்று சொன்னால் பொறுக்கிறவர்கள், கன்னியம்மா சொன்னால் பொறுப்பதில்லை.

ஆகவே வேகத்தை விற்ற முபீனா, விற்ற வேகத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. டர்போ பட்டன் இல்லாத பெட்டிக்கு ஒரு டர்போ பட்டன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில், கம்ப்யூட்டரை வேண்டுமென்றே மெதுவாக்கும் சின்னப் புரோகிராம் ஒன்று கிடைத்தது. எவ்வளவு மெதுவாக என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அளவு தப்பிவிட்டது. ‘கொஞ்சம் பொறு’ என்று போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்தே போயிற்று. காத்திருந்த டிரைவர் நாஷ்டாவுக்குப் போய்விட்டுப் பல் குத்திக்கொண்டே வந்தார், அப்போதும் பொறு என்றுதான் இருந்தது.

பழைய பெட்டியை எழுப்பி ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், இந்தத் தடவை எத்தனை தட்டியும் அது எழவில்லை. பழைய காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கன்னியம்மாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கிளாசும் டீயும் இருந்தன.

“அக்கா, நீங்க எப்பவும் குடிக்கற மாதிரி குடிங்க” என்றாள் முபீனா. “நா பாத்துகினே கீறேன்.”

“நீ பாத்துகினே இருந்தா எப்டிடி குடிக்கறது, வெக்கமா கீது” என்றார் கன்னியம்மா. ஆனாலும் குடித்தார். என்டர் தட்டுவார், கிளாசை எடுப்பார். கிளாஸ் காலியாகுமுன் சீட்டு வந்தால் முபீனா இன்னும் மெதுவாக்குவாள். காலியான பிறகும் வராவிட்டால் கொஞ்சம் தளர்த்துவாள். அன்றைக்குக் கன்னியம்மா எத்தனை டீ குடித்தாரோ, “இனிமே பாலு கலக்காத, ஒத்துக்கல” என்று டீக்கடைக்குச் சொல்லி அனுப்பும்படி ஆயிற்று. நோன்பிருந்த முபீனா அத்தனை டீயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் டீயும் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் முடிந்தன.

10

முடிவுகள்.

ஒன்று. எடை சரியாக வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள், சிராஜ் மாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (மாமா அப்படிச் செய்கிற ஆள் இல்லை. மைசூர்பாகு வாங்கத்தான் அவருக்குத் தெரியும்.)

இரண்டு. மெதுவான கம்ப்யூட்டரைக் கண்டு டிரைவர்கள் கொதித்தெழுந்து வேறு எடைமேடைக்குப் போய்விடுகிறார்கள். கடை செல்போன்காரனுக்குப் போகிறது. (இதை எழுதும்போது ஷட்டர் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது.)

மூன்று. மணவாளன் திரும்பி வந்து… (போடா.)

இந்த மூன்றையும் முபீனாவிடம் படித்துக் காட்டப் போன் செய்தேன். இதற்கிடையில் அவர் அனுப்பியிருந்த ஒரு சின்ன எழுத்துரு மாற்றி என் பழைய கோப்புகளை எல்லாம் திறந்துவிட்டிருந்தது. இரண்டு கதைகளைப் படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவைத்தேன் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் முடிவைப் பாதி படித்திருப்பேன்.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றார். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “அண்ணே! வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்குங்கண்ணே! புது எடத்துல வந்தா புதுசா சொல்லணுமா உங்களுக்கு?”

பின்னணியில் ஒரு பிரிண்டர் கீச்சென்றது.

“ஆங், சொல்லுங்க சார்.”

இந்த வரிகளை வெட்டியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் சந்தோஷமான ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

11

பெருநாளுக்கு முந்தைய நாள். மழை இல்லை.

அன்றைக்கு ஏற்றிய கம்பியை ஆலையிலேயே கட்டுக் கட்டாகச் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தார்கள். அந்த எடை அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். எடைமேடையும் அதையே சொல்ல வேண்டும். சொன்னால் மிஷின் இருக்கும், கடை இருக்கும். வீரராகவன் கை கட்டி நிற்கிறார். புதுச் சட்டை வாங்கப் புறப்பட்ட சிராஜ் மாமா வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறார். கேபின் வாசலில் முபீனா. நாலைந்து டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவுவின் லாரி மேடையில் ஏறுகிறது. கன்னியம்மா என்டர் தட்டுகிறார்.

கொஞ்சம் பொறு.

இந்தத் தடவை அந்த எழுத்து ஓடவில்லை, நிற்கிறது. பின்னால் ஒரு ஹாரன் அடித்து, தானாகவே ஓய்கிறது. அப்பாவு எஞ்சினை அணைக்கிறார். கதவு திறக்கிறது. ஒரு கால், பிறகு இன்னொரு கால். மேடையே ஒரு மூச்சு விட்டு எழும்புகிறது. பானைப் பக்கம் நடந்து போகிறார், யாரும் சொல்லாமலே.

இப்போது வண்டியில் யாரும் இல்லை என்று நினைக்கிறீர்கள். இல்லை, ஒரு ஆள் இருக்கிறான்.

நான்தான். வானத்தைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். முபீனாவை அழவைக்கப் பார்த்தேன், கன்னியம்மாவுக்குக் காதலன் பிடித்தேன், வழியெல்லாம் அடைப்புக்குறி போட்டேன். நீங்கள் இதுவரை பார்த்த எடையில் கம்பி எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. ஒரு அப்பாவுவாவது இருப்பேன். நான் உள்ளே இருக்கும்வரை சரியான எடை வராது. ஆகவே இறங்குகிறேன். சிராஜ் மாமாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, நகர்ந்து விடுகிறார்.

கன்னியம்மாவின் கிளாசில் இன்னும் ஒரு வாய் டீ இருக்கிறது. நீங்கள்தான் திரைக்குக் கிட்டே நிற்கிறீர்கள். எண் வந்ததும் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். மாமா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.